நான்காவது கோர்வை

கப்பல் மேல்தளத்து ஆட்களின் தலைவரான செராங் முழங்காலிட்டு, உருவிக்கொண்டு வந்த வடத்தின் முனையைத் தொடைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டார். இடுப்பிலிருந்த இரும்பு முள்ளை எடுத்து, வடத்தின் முறுக்குக்குள் குத்தி நெம்பினார்.

எதிரே அவன் நின்றான். கையில் கத்தி இன்னும் விரிந்தே இருந்தது.

மச்சானின் பூட்ஸையும் கால்சட்டையையும் அந்தக் கத்தியால்தான் அறுத்தெடுத்திருந்தான். கப்பல்காரன் கத்திக்கு முனை கிடையாது. கப்பல் ஆடும்போது யார்மேலும் பாய்ந்துவிடக் கூடாதென்று நுனியை மழுக்கித்தான் செய்வார்கள். சதையில் ஒரு கீறல்கூட விழாமல் துணி கழன்று வந்தது.

முழங்காலுக்குக் கீழே இருந்ததைச் சதை என்று சொல்ல முடியுமானால்.

கப்பலைக் கரையோடு இறுக்கும்போது, வடத்தின் முனையில் வளையமாகப் பின்னியிருந்த கண் பிரிந்துவிட்டது. வடம் சாட்டையாகத் திரும்பி வந்தது. அவனுடைய அக்காவின் கணவர் நின்ற இடம்தான் அதற்குக் கிடைத்தது.

நேற்று அந்த வடத்தின் இரு முனையிலும் புதிதாகக் கண் பின்னும் வேலை. ஒன்று மச்சான், ஒன்று அவன் என்று வேலைப் பலகையில் எழுதியிருந்தது. விடிந்ததும் வடத்தைத் தலைமாற்றிச் சுற்றிவிட்டார்கள். இது யார் பின்னிய முனை என்று பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கேப்டனுக்குப் பெயர் வேண்டும். அந்தப் பெயர்க்காரன் இனி எந்தக் கப்பலிலும் கால் வைக்க முடியாது.

பிரித்த புரியை வடத்துக்குள் ஒருமுறை நுழைத்து இழுத்தால் ஒரு கோர்வை; நார்க்கயிறென்றால் மூன்று போதும். நைலான் வழுக்கும், குறைந்தது ஐந்து போட வேண்டும். அவன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். மூன்றுவரை விரல்களுக்கு ஞாபகம் இருந்தது. அப்புறம் சாப்பாட்டு மணி.

மணிக்குப் பிறகு திரும்பி வந்து போட்டோமா? போட்டிருப்போம். போட்டிருப்போமா?

புரி உருவிப் போனாலும் அது நுழைந்திருந்த இடத்தில் தழும்பு விட்டுப் போகும். உரசிய சூட்டில் நைலான் உருகிக் கறுத்திருக்கும். செராங் முள்ளால் ஒவ்வோர் இடமாகத் திறந்தார்.

முதல் இடம் கறுப்பு. இரண்டாவதும் கறுப்பு.

மூன்றாவதும்.

நான்காவது இடத்தில் முள்ளைத் திருப்பிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது.

"மூணுதான்," என்றார். "யாருது?"

"என்னுதுதான் செராங்கே." தூக்குப்படுக்கையிலிருந்து மச்சான் சொன்னார். உதட்டில் ரத்தமே இல்லை. "தூக்கக் கலக்கத்துல மூணோட விட்டுட்டேன். மாப்ள பின்னுன முனையைப் பிரிச்சுப் பாருங்க, பொண்ணுக்குச் சடை பின்னுன மாதிரி இருக்கும்."

அவனுக்கு அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

செராங் தலையை நிமிர்த்தவில்லை. "எந்தக் கையாலடா பின்னுனே?"

"கேப்டன் கையவா கேட்டாரு? பேரத்தானே கேட்டாரு." மச்சான் சிரிக்கப் பார்த்தார். பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டார். "மாப்ள, அக்காகிட்ட நீயே சொல்லிடு. என் கவனக்குறைவுதான்னு சொல்லு. நீ சொன்னாத்தான் நம்புவா."

மச்சானின் வலது உள்ளங்கையில் மூன்று நாள் பழைய கட்டு இருந்தது. கம்பி கிழித்த காயம். விரலை மடக்க முடியாமல் கரண்டியைக்கூட இடது கையில்தான் பிடித்துக்கொண்டிருந்தார். நேற்று முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசியதோடு சரி. இரண்டு கண்ணையும் பின்னியது அவன்தான்.

அந்தக் கட்டைப் போட்டுவிட்டவர் செராங்.

செராங் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, முட்டிமேல் வைத்து எழுதினார். மச்சானின் பெயரை எழுத்துக் கூட்டி, நிதானமாக எழுதினார். பிறகு தாளையும் பென்சிலையும் அவன் பக்கம் நீட்டினார்.

"சாட்சிக்கு நீ போடு."

"செராங்கே..." என்றான் அவன்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. கீழே ஆஸ்பத்திரிப் படகு கப்பலோடு வந்து உரசும் சத்தம் கேட்டது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் பென்சிலை வாங்கினான்.

கையெழுத்து எப்போதும்போல அழகாகவே விழுந்தது.