மூடாத கொய்யா

வேலிக்கு மேலால் ஒரு கை நீண்டது. துளசியில் ஒரு கொத்தை முறித்தது. சத்தமில்லாமல் மறைந்தது.

குசினி யன்னலடியில் நின்ற குணலட்சுமி வளையலைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்துக் காணி ஸ்ரெல்லா.

வேதக்காரப் பெண்ணுக்குத் துளசி எதற்கு? தடிமன், இருமல் என்றால் நாலு இலை போதும். இது கொத்துக் கொத்தாக அல்லவா போகிறது. அதுவும் பொழுதுபட்ட பிறகு. அந்த நேரத்தில் குணலட்சுமியே துளசியில் கை வைக்க மாட்டாள்.

"இஞ்சாருங்கோ, எங்கடை தண்ணியையும் வாங்கிக்கொண்டு எங்கடை துளசியையும் மொட்டை அடிக்குதுகள்."

கணவர் சிவசுப்பிரமணியத்தாருக்குத் துளசி பெரிதாகப் படவில்லை. அவருடைய கண் வேலியோரக் கொய்யாவில் இருந்தது.

கிறிஸ்ரோபரும் ஸ்ரெல்லாவும் குருநகரில் கடல்தொழிலை விட்டுப்போட்டு அச்சுவேலிக்கு வந்து, பக்கத்துக் காணியைக் குத்தகைக்கு எடுத்துக் கொய்யா வைத்தவர்கள். வந்த வருசமே அவர்களுடைய கிணறு உப்பாகிவிட்டது. கன்றுகள் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் குணலட்சுமிதான் தன் கிணற்றிலிருந்து வேலிக்குக் கீழால் குழாய் போட்டுத் தண்ணீர் விட்டாள். இன்றுவரைக்கும் அந்தத் தண்ணீரில்தான் கொய்யா காய்க்கிறது.

போன வருசம் ஒவ்வொரு காயையும் கடதாசிப் பையால் மூடிக் கட்டினார்கள். இந்த வருசம் வேலியோர வரிசையை அப்படியே விட்டுவிட்டார்கள். பழ ஈ குத்திப் புழு வைத்த பழங்கள் பொத்துப் பொத்தென்று விழுகின்றன.

"சோம்பல் பிடிச்சதுகள். ஈ உங்கை பெருகினால் அடுத்தது எங்கடை பந்தல்தான்," என்றார் அவர்.

அந்தத் திராட்சைப் பந்தலில்தான் அவர்களுடைய ஊர்வாழ்வே தொங்கிக்கொண்டிருந்தது. போன வருசம் குலை கறுக்கிற நேரம் புழு வந்து, வியாபாரி கூடையோடு திருப்பி அனுப்பிவிட்டான். இந்த முறையும் அப்படியென்றால் கொடியை வெட்டி எறிந்துவிட்டுக் கொழும்பில் மகளோடு போய் இருப்பது என்று அவர் முடிவே எடுத்திருந்தார். மகளின் மாடி வீட்டில் உடுப்புக் காயப்போடுவதற்கும் முறை பார்க்க வேண்டும். குணலட்சுமிக்கு அங்கே போக விருப்பமேயில்லை.

விடிந்ததும் முதல் வேலையாகப் போய், வேலிக் குழாயின் வால்வை இறுக்கிப் பூட்டினாள்.

பொழுதுபட்ட மைம்மலில் கிறிஸ்ரோபர் படலையடியில் வந்து நின்றான். கையில் ஸ்பானர்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று இவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"அக்கா, குழாயிலை தண்ணி வரேல்லை. வால்வு பழுதாப் போச்சுப் போலை. உங்களுக்கேன் கரைச்சல், நானே பார்ப்பம் எண்டு வந்தனான்."

அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது. காட்டிக்கொள்ளாமல் கேட்டாள்.

"உங்கடை கோயிலிலையும் இப்ப துளசித் தீர்த்தமோ, தம்பி?"

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். கேட்காமல் முறித்தது பிழைதான் என்றான். ஓடிப்போய்க் கொய்யாக் கொப்பில் தொங்கிய ஒரு பிளாஸ்ரிக் போத்தலைக் கழற்றிக்கொண்டு வந்தான். உள்ளே கசக்கிய துளசி. அதன்மேல் கறுப்பாகப் படிந்துபோய்ச் செத்த ஈக்கள். துளசி மணத்துக்குக் கலியாணவீட்டுக்கு வருகிற மாதிரி வருமாம். விழுகிற பழங்களை ஸ்ரெல்லா அன்றாடம் பொறுக்கி, உள்ளேயிருக்கும் புழு சாகத் தண்ணீர்ப் பீப்பாவில் அமிழ்த்திவிடுவாளாம்.

சிவசுப்பிரமணியத்தாரும் வந்து போத்தலை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு கரைச்சல் ஏன்? போன வருசம் மாதிரி எல்லாத்தையும் மூடிக் கட்டியிருக்கலாமே."

கிறிஸ்ரோபர் ஸ்பானரை மற்றக் கைக்கு மாற்றினான்.

"உந்த ஈக்குக் கொய்யா எண்டால் உயிர், அண்ணை. கொய்யா கிடைக்குமட்டும் உங்கடை முந்திரிகைப் பந்தல் பக்கம் அவ்வளவாத் திரும்பாது. போன வருசம் நாங்கள் ஒண்டு விடாமல் மூடினதாலைதான் அது வேலி தாண்டி உங்கடை பந்தலுக்கு வந்தது. தண்ணி தந்த வீட்டுக்குப் புழுவை அனுப்பிப்போட்டம் எண்டு ஸ்ரெல்லா ஒரே அழுகை. அதுதான் இந்த முறை அந்த வரிசையை உதுக்கெண்டு விட்டிட்டம்."

சிவசுப்பிரமணியத்தார் திரும்பிப் பார்த்தார். பந்தலில் குலைகள் கறுத்து மினுங்கிக்கொண்டிருந்தன.

அவன் வால்வடிக்குப் போகக் காலெடுத்து வைத்தான். குணலட்சுமி மறித்தாள்.

"நில்லுங்கோ தம்பி. வால்வு நல்லாத்தான் இருக்கு. பூட்டினது நான்."

விறுவிறென்று போய்த் திறந்துவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

பொழுதுபட்டால் துளசியைத் தொடாதவள், திரும்பி வரும்போது மடி நிறையத் துளசியோடு வந்தாள்.