பருந்துக்கு ஏழு நாள் பரீட்சை

கையும் மூட்டையுமாகப் பிடிபட்டார் டமால்.

காலை ஆறு மணிக்கு, விமான நிலைய வேலியோரச் சாலையில் சைக்கிளில் போனவரைக் காவலாளி மறித்து, நேரே பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குக் கூட்டி வந்துவிட்டார். அதிகாரியே மூட்டையை அவிழ்த்தார்.

"என்னய்யா இது?"

"தீனி சார்."

"யாருக்கு?"

"புறாவுக்கு சார்."

இதில் ஒரு விசேஷம். ஓடுதளத்தில் பறவை விரட்டுவதுதான் டமாலின் உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாகப் பட்டாசுத் துப்பாக்கியும் கையுமாக டமால் டமால் என்று விரட்டியதில், பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம். வீட்டில் பல்லி கத்தினாலும் மனுஷர் எழுந்து நின்று கை தட்டுகிறார் என்று அவர் மனைவி புலம்புவதாகக் கேள்வி.

அப்படிப்பட்டவர் மூட்டையில் புறாத் தீனி என்றால் அதிகாரி என்னதான் நினைப்பார்?

நினைப்பதற்குக் காரணமும் இருந்தது. போன வாரம்தான் இயந்திரப் பருந்து ஒன்று வந்து இறங்கியிருந்தது. கேமராக் கண், கம்ப்யூட்டர் மூளை. தானே பறக்கும், தானே விரட்டும், தானே வந்து சார்ஜ் போட்டுக்கொள்ளும். ஏழு நாள் பரீட்சை. ஓடுதளத்தில் ஒரு பறவைகூட உட்காராவிட்டால் பருந்துக்கு வேலை, டமாலுக்கு வீடு. அதுவரை அவர் ஓடுதளப் பக்கமே தலைகாட்டக் கூடாது.

ஒத்திகை அன்றே டமால் வந்து சொன்னார்.

"சார், புறாவுங்க அதுக்குப் பயப்படல. பக்கத்துலயே மேயுதுங்க."

அதிகாரி அப்போது பருந்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். "வயித்தெரிச்சல்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். மறுநாள் பரீட்சை ஆரம்பித்தது. ஆறு நாளும் பறவைக் கணக்கு பூஜ்ஜியம். அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. இன்று ஏழாம் நாள்.

"வேலிக் கேமராவுல எல்லாத்தையும் பாத்துட்டேன்" என்றார் அதிகாரி. "ஆறு நாளா மூட்டையோட போற, வெறுங்கையோட வர்ற. புறாவை வரவழைச்சு எங்க பருந்துக்குக் கெட்ட பேர் வாங்கித் தரலாம்னு பாத்தியா? நீ இவ்வளவு கொட்டியும் ஒரு புறா எட்டிப் பாக்கல. அதுதான்யா டெக்னாலஜி."

ஓடுதள ஜீப் டிரைவர் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். டமாலின் மனைவிக்குத் தம்பி.

"மாமா, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்க மாமா."

டமால் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், திட்டுறதை அப்புறமா வந்து வாங்கிக்கறேன். ஆறரைக்குள்ள நான் ஏரிக்கரைக்குப் போயாகணும்."

"ஏரிக்கரையில என்ன, காத்து வாங்கவா? உக்காருய்யா."

டமால் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் நெளிந்துகொண்டே இருந்தார். ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது. கன்ட்ரோல் டவர்.

"சார், ஓடுதளம் முழுக்கப் புறா. அறுபது எழுபது இருக்கும். இறங்க வந்த விமானத்தை மேலேயே சுத்தச் சொல்லியிருக்கோம்."

"பருந்தை அனுப்புங்க."

"அனுப்பியாச்சு சார். புறாவுங்க அது பின்னாலேயே பறக்குதுங்க."

"பயந்து ஓடுதா?"

"இல்ல சார், துணைக்குப் போகுதுங்க. இப்ப பருந்து சார்ஜ் போட உக்காந்திருக்கு. அது தலையில ரெண்டு புறா உக்காந்திருக்கு."

"மேல எத்தனை பேர் இருக்காங்க?"

"நூத்தி எண்பது பேர் சார்."

அதிகாரி போனை வைத்தார். மூட்டையைப் பார்த்தார். டமாலைப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே மூட்டையைக் கட்டி, அலமாரியில் பூட்டி வைத்திருந்த பட்டாசுத் துப்பாக்கியையும் எடுத்துக் கொடுத்தார்.

"போகலாம்யா" என்று அவரும் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

ஓடுதளத்தில் நாலு டமால். புறாக்கள் எழும்பின. ஜீப்பில் நின்றபடி டமால் மூட்டையைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டதுபோல் மொத்தக் கூட்டமும் ஜீப்புக்குப் பின்னால் ஏரிக்கரைக்குக் கிளம்பிவிட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது. நூற்று எண்பது பேரும் தாமதத்துக்குத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

ஏரிக்கரை, ஓடுதளத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். சிமென்ட் மேடையில் புறாக்கள் பழகிய இடத்தில் வரிசையாக நின்று கொத்தின. ஆறு நாள் பூஜ்ஜியம் யாருடையது என்று அதிகாரிக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏன்யா, நீ பேசாம வீட்டுல படுத்துக் கிடந்திருந்தா முதல் நாளே பருந்து தோத்திருக்கும். உன் வேலையும் தப்பிச்சிருக்கும். இதுகூடவா உனக்குத் தெரியல?"

டமால் மூட்டையைக் கவிழ்த்து, ஒட்டியிருந்ததையும் தட்டிவிட்டார்.

"தெரியும் சார். ஆனா அது தோக்குற நேரத்துல ஒரு விமானம் இறங்கிட்டு இருந்தா, உள்ள இருக்கிறவங்க என்ன சார் பாவம் பண்ணாங்க?"