ஆளில்லாத பந்தி

"அது எப்படிங்க, ஆளே ஒக்காராத பந்தியில ஒரு எலையப் போட்டு சாதத்த வெப்பீங்களா?" என்று தட்சிணாமூர்த்தி கேட்டதும் நடனசபாபதிக்குக் குப்பென்று வியர்த்தது.

பெண் பார்க்க வந்த வீட்டில் பேசுகிற பேச்சா இது? பெரியவர்கள் முன்பே வந்து ஜாதகம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்றைக்கு இவர்கள் இருவர் மட்டும்தான் கடலூரிலிருந்து வந்திருந்தார்கள். பஸ்ஸிலேயே, "மச்சான், பொண்ணு எம்.எஸ்சி. கணக்கு. ஏடாகூடமாப் பேசிக் கெடுத்துடாத!" என்று நடனசபாபதி தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தான்.

பெண் தனம் கொஞ்சமும் அசரவில்லை.

"வெப்போம். எங்க ஃபோர்ட்ரான் மொதல்ல ஒரு தடவ செஞ்சிட்டுத்தான், போதுமான்னு பாக்கும்."

சென்னையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் அவள் கற்று வந்த பாஷை ஃபோர்ட்ரான். ஜெர்மனியில் தட்சிணாமூர்த்தி கற்று வந்தது ஆல்கால். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி மெஷினுக்கு எப்படிச் சொல்வது என்பதில்தான் சண்டை. ஒரு தடவைகூடச் செய்யத் தேவையில்லாத வேலைதான் தட்சிணாமூர்த்தி சொன்ன ஆளில்லாத பந்தி.

தனம் சாக்பீஸை எடுத்து, சிமெண்டுத் தரையிலேயே எழுத ஆரம்பித்துவிட்டாள். அதில் ஒரு பத்து இருந்தது.

"பத்து தடவ செய்யணும்னு அர்த்தமா?" என்று நடனசபாபதி எட்டிப் பார்த்தான்.

"இல்லீங்க. பத்துன்னு நம்பர் போட்ட வரி வரைக்கும் செய்யணும். எத்தினி தடவங்கறது பக்கத்துல இருக்கு."

அவனுக்குத் தலை சுற்றியது.

"பாத்தீங்களா, யாருக்குமே புரியல!" என்றான் தட்சிணாமூர்த்தி. "ஆல்கால்ல, 'ஒண்ணுலேருந்து இத்தினி வரைக்கும் செய்'னு படிச்சாலே புரியும். ஆள் இருக்கான்னு பாத்துட்டுத்தான் எலையே போடும்."

"அதப் போட்டுப் பாக்கற மெஷினுக்கு ஜெர்மனிக்குல்ல போவணும்?"

போச்சு, எல்லாம் போச்சு! இதுவரை பார்த்த இடமெல்லாம் தட்டிப் போயிருந்தது. இதுவாவது அமைய வேண்டுமே என்று நடனசபாபதி பாடலீசுவரர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தான். இவன் என்னடாவென்றால் பெண்ணோடு மல்லுக்கு நிற்கிறான்.

"எந்த பாஷையா இருந்தா என்னா? ரெண்டும் ஒரே கணக்கத்தான போடுது? விடுங்களேன்" என்று சமாதானம் செய்தான்.

"இல்ல!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

பெண்ணின் அப்பா ராஜமாணிக்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நடனசபாபதி பயத்தில் முந்திரி பக்கோடாவை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"சரி, ஆள் இருக்கான்னு கேக்கற வரிய நானே முன்னால எழுதிட்டா?" என்றாள் தனம்.

தட்சிணாமூர்த்தி தரையைப் பார்த்து யோசித்தான். "அப்ப சரியா வரும். ஒத்துக்கறேன்."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். நடனசபாபதிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பாடலீசுவரர் கைவிடவில்லை!

ராஜமாணிக்கம் தொண்டையைக் கனைத்தார். "எம் பொண்ணு இப்படிச் சிரிச்சுப் பேசி நான் பாத்ததே இல்ல. தம்பி, ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று தட்சிணாமூர்த்தியைக் கேட்டார்.

"இன்னும் இல்லீங்க."

"அப்ப ஒங்க ஜாதகத்த அனுப்பி வெக்கச் சொல்லுங்க. நடனசபாபதி தம்பி கோவிச்சுக்கக் கூடாது."

படித்த பெண்ணாயிற்றே, தனக்காக நாலு வார்த்தை பேசட்டும் என்று மாமா மகனைத் துணைக்கு அழைத்து வந்திருந்த மாப்பிள்ளை நடனசபாபதி, வாயிலிருந்த பக்கோடாவை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தான்.