சிரித்தால் மூடும் இடக்கண்

முகவாதம் வந்து வாய் ஒரு பக்கம் தொங்கிப்போன கணவர் கிருத்திக்கின் இடக்கன்னத்தில் நர்ஸ் கம்பியை ஒட்டி மின்சாரம் கொடுப்பதை மோகனப்பிரியா பார்த்துக்கொண்டிருந்தாள். நரம்பு துடித்த துடிப்பை வைத்து, வருகிற பொங்கலன்று அவர் முகம் எப்படியிருக்கும் என்று இயந்திரம் திரையில் காட்டிவிட்டது. திரையில் இருந்த கிருத்திக் வாய் நேராகி அழகாகச் சிரித்தார். சிரித்த கையோடு இடக்கண்ணையும் அடித்தார்.

“நரம்பு திரும்ப வளர்றப்ப வழி மாறிப் போகுதுங்க. இனி சிரிக்கறப்பெல்லாம் அந்தக் கண்ணும் மூடும். இன்னைக்கே ஒரு ஊசி போட்டுட்டா தடுத்துரலாம். விட்டா அப்புறம் முடியாது” என்றார் டாக்டரம்மா.

“போட்டுருங்க. சம்பந்தியம்மாகிட்டச் சிரிச்சா மானம் போயிருமுங்க” என்று குழறினார் கிருத்திக்.

மோகனப்பிரியாவுக்கு அந்தக் கண்ணை நன்றாகத் தெரியும். ஆணும் பெண்ணும் பேசினால் அபராதம் போடும் பொறியியல் கல்லூரியில்தான் இருவரும் படித்தார்கள். பஸ்ஸில் பெண்கள் முன்னால், பையன்கள் பின்னால். டிரைவரின் கண்ணாடி வழியாக அந்த இடக்கண்தான் இரண்டு வருடம் அவளிடம் பேசியது. தாலி கட்டியதும் தடை நீங்கியது. கிருத்திக் கண்ணடிப்பதை நிறுத்திவிட்டார், பேசவும் தொடங்கவில்லை.

“ஊசி வேண்டாமுங்க டாக்டர்” என்றாள்.

“ஏம்புள்ள, ஊரு என்ன பேசும்?”

“ஊருக்கு முன்னால உர்ருன்னு இருங்க. இத்தனை வருசமா வூட்டுல அப்படித்தானே இருந்தீங்க? எடத்தை மாத்திக்குங்க, அவ்வளவுதான்.”

கிருத்திக்குக்குச் சிரிப்பு வந்தது, இப்போதைக்கு வலப்பக்கம் மட்டும்.