ரோமில் எடுத்த போட்டோ

"இங்க பார்க்க என்னடி இருக்கு?" என்று ஒட்டிலியா மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

கிரினா பெஞ்சுகளில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெட்ரோ ரயிலின் கடைசி நிலையத்துக்கு வெளியே ஒரு பூங்கா. பூங்கா என்று சொல்வதே அதிகம். காய்ந்த புல், நாலைந்து பைன் மரங்கள், வேலியோரம் வரிசையாக ருமேனிய வேன்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பதால் பெஞ்சு முழுக்கப் பெண்கள். எல்லோரும் ருமேனியாக்காரிகள். ரோமின் வீடுகளில் கிழவர்களையும் கிழவிகளையும் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, படுக்கவைப்பவர்கள். கிடைத்த அரை நாள் விடுமுறையில் ஊருக்குப் பெட்டி அனுப்பவும், சொந்த பாஷையில் வாய் ஓயப் பேசவும் வந்திருந்தார்கள்.

கல்லூரித் தோழிகள் இருவரும் வெள்ளிக்கிழமைதான் ருமேனியாவின் யாஷ் நகரத்திலிருந்து, இருப்பதிலேயே மலிவான விமானத்தில் வந்து இறங்கியிருந்தார்கள். எட்டுப் பேர் படுக்கும் விடுதி அறை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுவந்த ரொட்டி. தெருக்குழாய்த் தண்ணீர். கொலோசியத்தை வெளியே ஒரு சுற்று சுற்றிவிட்டு, பார்த்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

கடைசி மூன்று மணி நேரத்தை இந்தக் காய்ந்த புல்லில் கிரினா ஏன் கொண்டுவந்து கொட்டினாள் என்பதுதான் ஒட்டிலியாவுக்குப் புரியவில்லை.

ஈஸ்டருக்கு ஊர் வந்த பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் கிரினாவுக்கு இந்த இடம் தெரியும். "உங்கம்மாவ ஞாயித்துக்கிழமை ஆனா அங்க பாக்கறேன். நல்லாத்தான் இருக்கா."

பாரிஸா, ரோமா என்று ஒட்டிலியா கேட்டபோது யோசிக்காமல் ரோம் என்றது அதனால்தான்.

அம்மா போனபோது கிரினாவுக்கு ஆறு வயது. ஒரு குளிர்காலம் மட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இரண்டு முறை வந்தாள். பிறகு பெட்டிகள் மட்டும் வந்தன. பிறகு போன் மட்டும். அப்பா வேறொருத்தியைக் கூட்டிவந்த வருடம் அதுவும் நின்றது. முகத்தைப் பார்த்துப் பதினோரு வருடம்.

அடுத்த பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

கிரினாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா. உடம்பு பருத்திருந்தது. தலைமுடியில் செம்பட்டைச் சாயம். கன்னம் தொங்கியிருந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

ஏன் வரல?

இரண்டே சொல். விமானத்தில் வரும்போதெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இப்போது எழுந்து நாலடி நடந்தால் போதும்.

அதற்குள் ஒட்டிலியா எழுந்துவிட்டாள். அடுத்த பெஞ்சில் சிரித்தவளிடமே போனை நீட்டினாள்.

"ஆன்ட்டி, எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?"

"குடு கண்ணு. எந்த ஊரு நீங்க?"

"நான் யாஷ்தான். இவ கிரினா. சுச்சாவா பக்கம் ஏதோ கிராமம்."

அந்தப் பெண் போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் குச்சியாட்டம் இருக்கீங்களே. ஒழுங்கா சாப்பிடறீங்களா? வீட்ல அம்மா பாத்தா திட்ட மாட்டாங்க?"

"எங்கம்மா நல்லாத் திட்டுவாங்க. பாவம், இவளுக்குத்தான் அம்மா இல்ல. சின்ன வயசுலயே செத்துட்டாங்க."

கல்லூரி விடுதிக்கு வந்த முதல் நாள் கிரினாவே சொன்னது அது. யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது என்பதற்காகச் சொன்னது.

இப்போது சொல்லிவிடலாம். சாகவில்லை, இதோ உன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று சொல்லிவிடலாம். கிரினா அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"அடப் பாவமே" என்றாள் அந்தப் பெண். பிறகு, "கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. சிரிங்க."

யார் வீட்டுப் பிள்ளைக்கோ சொல்கிற பாவம். பெயரைக் கேட்டும், ஊரைக் கேட்டும், முகத்துக்கு நேராக நின்றும் அவளுக்குத் தெரியவில்லை.

கிரினா சிரித்தாள்.

"வெயில்ல ஒண்ணும் தெரியல. சரியா விழுந்திருக்கான்னு பாக்கறேன்" என்று அந்தப் பெண் மரநிழல் பக்கம் போய், முதுகைக் காட்டி நின்றாள். தோழிகள் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். அவள் திரும்பி வந்து போனை ஒட்டிலியாவின் கையில் வைத்தாள். "கிழவிக்கு மாத்திரை குடுக்கணும், நேரமாச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, நிலையத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

படிகளில் அவள் தலை இறங்கி மறையும்வரை கிரினா பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னை யாரென்றே தெரியாத ஒருத்தியிடம் ஏன் வரவில்லை என்று எப்படிக் கேட்பது?

விமான நிலையப் பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அழுகை வரவில்லை. உள்ளே எதுவுமே இல்லாதது போல் இருந்தது.

விமானம் ஓடுபாதையில் திரும்பியபோது ஒட்டிலியா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்தாள்.

"இங்க பாருடி. அந்த ஆன்ட்டி தன்னையே எடுத்து வெச்சிருக்காங்க. தெரியாம அழுத்திட்டாங்க போல."

கிரினா போனை வாங்கினாள்.

படத்தில் அம்மா முடியை இரண்டு காதுக்கும் பின்னால் ஒதுக்கிவிட்டிருந்தாள். உதடுகளை இறுக்கி மூடியிருந்தாள். நிரம்பி வழிகிற கண்களை இமைக்காமல், முகம் முழுவதும் விழும்படி போனைத் தள்ளிப் பிடித்து, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழிச்சிடவா?" என்றாள் ஒட்டிலியா.

சக்கரங்கள் தரையை விட்டன.