இருமியது யார்?

"கட்டத்துக்குள்ள நில்லும்மா! தரையில இவ்ளோ பெரிசா வரைஞ்சு வெச்சிருக்கு, கண்ணு தெரியலையா?"

பின்னால் நின்றவர்தான் கத்தினார். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தகடு, அதற்குள் மாஸ்க், மாஸ்க்குக்குள் இன்னொரு மாஸ்க். நிலாவுக்குக் கிளம்பியவர் வழி தவறி விமான நிலையத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தார்.

'விண்வெளி மாமா' என்று மனசுக்குள் பேர் வைத்துவிட்டு அவள் கட்டத்துக்குள் நகர்ந்தாள். நகர்ந்ததும் இருமல் வந்தது.

க்கு... க்கு... க்கீ.

நோய் இருமல் இல்லை. பயந்தால் வருகிற இருமல். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் எழுப்பி நிறுத்தினால் வரும். விசா நேர்காணலில் "கணவர் பேர் என்ன?" என்று கேட்டபோது பேருக்குப் பதில் இதுதான் வந்தது.

"ஐயோ, இந்தப் பொண்ணு இருமுது!" மாமா இரண்டு கட்டம் பின்னால் குதித்தார்.

"டெஸ்ட் எடுத்தாச்சு சார். ஒண்ணும் இல்லைன்னு பேப்பர் இருக்கு."

"பேப்பர் இருமாதும்மா, ஆளுதான் இருமும்! அந்தப் பக்கம் திரும்பி நில்லு!"

அவள் முறை வந்தது. கவுண்டர் பெண் ரயில் அறிவிப்பு மாதிரி ஒரே ராகத்தில் கேட்டாள். "பாஸ்போர்ட். விசா. டெஸ்ட் ரிப்போர்ட். தனிமை அறைக்குப் பணம் கட்டின ரசீது. ரசீதுக்கு நகல்."

அவள் பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள்.

திடீரென்று அந்த ராகம் நின்றது. "மேடம், உங்க நுழைவு அனுமதி இன்னியோட முடியுதே?"

"தெரியும் மேடம். ரெண்டு தடவை பிளேனை ரத்து பண்ணிட்டாங்க."

"இதை விட்டா மறுபடி முதல்லேர்ந்து விண்ணப்பிக்கணும். இப்ப அங்க ஆபீசெல்லாம் பூட்டிக் கிடக்கு. எப்பத் திறப்பாங்களோ."

கல்யாணமாகி ஒரு மாசம் கணவர் அவள் கூட இருந்தார். வேலைக்கென்று போனார். பின்னாலேயே நாடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. அன்றிலிருந்து கணவன் என்றால், போன் திரையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு முகம், பாசமாகப் பேச ஆரம்பிக்கும்போது சரியாக உறைந்துபோகும்.

"கதையெல்லாம் அப்புறம் வெச்சுக்கம்மா!" பின்னாலிருந்து மாமா. "எனக்கென்ன, அங்க நிரந்தரமாத் தங்கற அட்டை இருக்கு, எந்தப் பிளேன்லயும் போவேன். ஆனா இந்தக் கிருமிக் கூட்டத்துல நிக்க முடியல!"

பெரிய அட்டை! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விமானம் ஏறும் வாசலில் மறுபடி வரிசை. மறுபடி அவள் பின்னால் மாமா. போன் அடித்தது. கணவர்.

"ஏறிட்டியா?"

"வரிசையில நிக்கறேங்க."

"தைரியமா இரு. முக்கியமா இருமலை நினைக்காதே."

அதற்குமேல் வேறெதை நினைப்பது?

க்கு... க்கு... க்கீ!

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எல்லா முகத்திலும் மாஸ்க். காய்ச்சல் பார்க்கும் கருவியோடு நின்ற பெண் சுகாதார அதிகாரி நிமிர்ந்தார்.

"யாரு இருமினது? நீங்களா முன்னால வந்துடுங்க. இருமல் இருக்கறவங்க இன்னிக்கு ஏற முடியாது."

அவள் கால் நகரவில்லை. ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம்தான் சத்தம் வந்துச்சு" என்று யாரோ உதவி செய்தார்கள்.

அதிகாரி நேராக அவர்களை நோக்கி வந்தார். மாமாவின் கையுறை போட்ட கை உயர்ந்தது.

"மேடம்! இங்க வாங்க மேடம்!"

முடிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"லொக்! லொக்! லொலொலொக்!"

பழைய மோட்டார் கிளம்புகிற மாதிரி ஒரு இருமல். கண்ணைத் திறந்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமுகிறவர் மாமா! பிளாஸ்டிக் தகடு முழுக்க ஆவி.

"என்ன சார், நீங்கதானா?"

தலையை ஆட்டினார். தனி அறைக்குக் கூட்டிப்போக ஊழியர்கள் இரண்டு பேர் வந்து பிடித்தார்கள்.

"தொடாதீங்கப்பா! கையுறையை மாத்திட்டுத் தொடுங்க! அந்த ரூமைத் துடைச்சீங்களா? அங்க முன்னாடி யார் இருந்தாங்க?" கத்திக்கொண்டே போனார்.

"என்னா சவுண்டு விட்டாரு! கடைசியில இவருக்குத்தான் இருக்கு" என்றார் ஒருவர். வரிசையே சிரித்தது. அவளும் மாஸ்க்குக்குள் சிரித்தாள். நோயை இவர் வைத்துக்கொண்டு என்னை விரட்டினாரா! சிரிப்பில் இருமல்கூட ஓடிப்போயிற்று. கருவி அவள் நெற்றியைப் பார்த்துப் பச்சை காட்டியது.

விமானத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை காலி. மாமாவுடையதாம். பையைத் தாராளமாக அதில் வைத்தாள்.

கதவு மூடிய பிறகு பணிப்பெண் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தபடி வந்தாள்.

"அந்த இருமல் சார் என்ன ஆனார்?" அவள் குரலில் கொஞ்சம் குறும்பு இருந்தது.

"அதான் மேடம் எங்களுக்கே புரியல. டாக்டர் பார்த்துட்டு, காய்ச்சல் இல்ல, சளி இல்ல, தாராளமாப் போகலாம்னுட்டாராம். கதவு அப்ப திறந்துதான் இருந்துச்சு. நானே போய், 'வாங்க சார்'னு கூப்பிட்டேன்."

"வரலையா?"

"'இல்லம்மா, இருமினது நான்தான், நான்தான்'னு சொல்லிட்டு மறுபடி இருமறாரு. டாக்டர் போதும் போதும்னு கெஞ்சறாரு, நாங்க கதவைச் சாத்தற வரைக்கும் நிறுத்தவே இல்ல மேடம்."