செவ்வொளி படாத கை

புடவை விற்கும் பெண்கள் தினமும் தோல் சுருக்கம் போக்கும் செவ்வொளி விளக்கின்முன் முகம் காட்டியே ஆகவேண்டும் என்பது ஜவுளிக்கடையின் விதி. அதனால் அறுபத்திரண்டு வயதுக் கோமளவல்லியின் முகம் முப்பதுக்குத் திரும்பியிருந்தது. வீட்டிலோ, மறதி நோய் கண்ட கணவர் சபாபதி நேற்றிலிருந்து அவள் ஊட்டவந்த சோற்றைத் தொடவில்லை.

"நீ யாரும்மா? என் வீட்டுக்காரி பார்த்தா என்னைத் தொலைச்சுடுவா. போயிடு."

"நான்தாங்க அவ! எத்தனை தடவை கத்துறது?"

"பொய் சொல்லாதே. அவளுக்கு இந்த மூஞ்சி கிடையாது."

சலித்துப்போன கோமளவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்த விளக்கு ஒருநாளும் தீண்டாத சுருங்கிய கையால் சோற்றுருண்டையை நீட்டினாள். சபாபதி அந்தக் கையை உற்றுப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"எங்கடி போயிருந்தே?" என்றார், மென்றபடியே. "எவளோ ஒருத்தி வந்து கத்திட்டுப் போறா."